பல் அச்சு

என் அலமாரியில் இருநூற்றுச் சொச்சம் வாய்கள் இருக்கின்றன.
சுண்ணாம்பு வெள்ளை, அடியில் பென்சிலால் பெயர்.
பாதிப் பேர் இப்போது இல்லை.
தூக்கிப் போடச் சொல்கிறாள் மனைவி.
சரி என்பேன். தூசி தட்டித்
திரும்ப வைத்துவிடுவேன்.

இது சூசைமாணிக்கத்துடையது.
கீழ்த்தாடை. இடப்பக்கம் ஒரு பள்ளம்,
எலும்பு தப்பாகக் கூடிய இடம்.
நாற்பது வருஷம் கழித்தும் இந்தப் பிளாஸ்டர்
ஒரு துப்பாக்கிக் கட்டையின் அகலத்தை
அப்படியே காட்டிக்கொடுத்தது.

'எங்கேயாவது விழுந்தீங்களா?' என்றேன்.
வாய் நிறைய அச்சுப்பசை, பதில் இல்லை.
பசையை எடுத்த பிறகு சொன்னார்:
'விழுந்தது அப்புறம்.'

தொண்டர் படையில் லாரி ஓட்டியவர்.
சிங்கப்பூர் போன மாசி மாதம்
சாவியை மற்ற சாவிகளின் குவியலில் போட்டுவிட்டுக்
கையைத் தூக்கியவர்.
அப்புறம் சயாம்.
அதைப்பற்றி அவர் பேசியதையெல்லாம் கூட்டினாலும்
ஒரு கடைவாய்ப்பல் பிடுங்கும் நேரம் வராது.

காய்ச்சல்காரர் கொட்டகை. விடியுமுன் எண்ணிக்கை.
இச்சி, நி, சான், ஷி.
பக்கத்து மூங்கில் பாயில் ரொசாரியோ,
புலாவ் தீக்கூஸ்காரன், இரவே போய்விட்டிருந்தான்.
இவர் இருட்டில் இரண்டு குரலில் இரண்டு எண் சொல்லி
இரண்டு தகரத்தில் கஞ்சி வாங்கினார்.
அடுத்த நாளும்.
அதற்கடுத்த நாள் கட்டை வந்தது.

'அடிச்சவன்மேல கோபம் இருந்துச்சு, இல்லைங்கல.
அந்தக் கஞ்சி ருசியா இருந்துச்சு பாருங்க,
அதை யார்கிட்ட சொல்றது?'

எண்பத்திரண்டில் ஒருநாள் கடை திறக்குமுன் வந்து நின்றார்.
'இறுக்கிக் கொடுங்க. இன்னைக்குப் பேசறப்ப கழண்டுடக் கூடாது.'
பாயான் லெப்பாஸ் ஆலையில் இஞ்சினியர் ஒருவனின் அப்பா,
அந்த முகாமில் காவலுக்கு நின்றவராம்.
மகனைப் பார்க்க வந்த இடத்தில்
மாதா கோயில்களில் விசாரித்திருக்கிறார்,
சயாம் போய்த் திரும்பியவர் யாராவது உண்டா என்று.
'அவரேதானா?'
'முகம் மறந்துபோச்சு. மழை ஞாபகமிருக்கு.
நீங்களும் வாங்க, சாட்சிக்கு.'

புலாவ் தீக்கூஸ் கோப்பிக்கடை.
வெள்ளைச் சட்டையில் ஒரு கிழவர் எழுந்து குனிந்தார்.
குனிந்தவர் நிமிரவே இல்லை.
விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
நான் அவ்வளவு இறுக்கிக் கொடுத்த பல்செட்டை
சூசைமாணிக்கம் கழற்றி
சாசரில் வைத்தார்.
ஒரு வார்த்தை இல்லை.

வெகுநேரம் கழித்து அந்தக் கிழவர் உட்கார்ந்து,
தன் வாய்க்குள் விரல் விட்டு,
மேல்வரிசையைக் கழற்றி
இன்னொரு சாசரில் வைத்தார்.
(நல்ல வேலை. ஒசாக்காவில் கட்டியதாம்.)
ஆர்டர் கேட்க வந்த பையன் ஓரடி பின்வாங்கினான்.

பொக்கை வாயால் சூசைமாணிக்கம்
அரைவேக்காட்டு முட்டைக்குச் சொன்னார்,
விரல் நீட்டி எண்ணி:
'இச்சி. நி. சான்.'
காலி நாற்காலியைக் காட்டி
'ஷி.'

நாங்கள் மூவர்தான்.
நான்காவது கோப்பை ஆறிப்போகும்வரை
யாரும் அதைத் தொடவில்லை.
அது யாருக்கென்று ஜப்பான்காரர் கேட்கவுமில்லை.
மிளகுத்தூள் புட்டியை மட்டும்
அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்:
'மன்னிச்சிட்டீங்களா?'
ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்,
கொம்தார் கட்டட உச்சியில் கிரேன்.
'முட்டைக்கு அவன் காசெடுத்தான். நான் விடல.
நாலுக்கும் நான்தான் கொடுத்தேன்.'
கொஞ்சம் போனபின்,
'நாலுக்கும்' என்றார் மறுபடி.

தொண்ணூற்றொன்றில் இறந்தார். வெஸ்டர்ன் ரோடு கல்லறை.
அவசரத்தில் பல் மாட்ட மறந்துவிட்டார்கள்.
மூன்று வாரம் கழித்து மகள் ரெஜினா
கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள்,
எறியவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் பயமாயிருக்கிறதென்று.

அச்சின்மேல் வைத்துப் பார்த்தேன்.
பள்ளத்தில் பிசகாமல் உட்கார்ந்தது.
இன்றைக்கும் அலமாரி துடைத்தேன்.
அதை மட்டும் எடுத்து, கழுவி,
ஈரம் காய
ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.